நாகராசு மாஸ்டரின் கம்ப முறை

டிரில் மாஸ்டர் நாகராசுவிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. 1934-ல் சென்னைக்குப் போய் ஒரு வருஷம் உடற்பயிற்சிப் படிப்புப் படித்தபோது எழுதியது. அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார். சரசுவதி பூசையன்று மற்ற புத்தகங்களோடு அதற்கும் சந்தனம் உண்டு. வருஷா வருஷம் சந்தனம் வைத்தும் அந்த நோட்டு ஒரு வரம்கூடக் கொடுத்ததில்லை என்று அவர் மனைவி செங்கமலம் சொல்லிக் காட்டுவாள்.

நோட்டு முழுக்க வட்டங்களும் அம்புக்குறிகளும்தான். பாஸ்கெட் பால் ஆட்டத்தில் எதிராளியைத் தாக்கிப் புள்ளி எடுக்கிற முறை அது. சாரத்தைச் சொன்னால் ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது. அணியில் இருப்பவர்களில் உயரமானவன் வளையத்துக்குக் கீழே கம்பம் மாதிரி நிற்க வேண்டும். மற்ற நால்வரும் எப்படியாவது பந்தை அவன் கையில் சேர்த்துவிட வேண்டும். அவன் திரும்பி, வளையத்துக்குள் போட வேண்டும். சென்னையில் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரர் இதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார். நாகராசு 'கம்ப முறை' என்று சுருக்கிக்கொண்டார்.

அவருக்குச் சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. அப்பா கடலை போட்டு, கடலை பிடுங்கி, கடலை தின்று வாழ்ந்த மனிதர். மகன் பந்து விளையாடக் கற்றுக்கொடுக்கிற உத்தியோகத்துக்குப் போகிறான் என்றதும் அவருக்குத் தலையும் வாலும் புரியவில்லை. "வெளையாடுனா நம்ம ஊர்ல முதுகுல ரெண்டு வைப்பாங்க. அங்கிட்டு சம்பளமா குடுக்குறாங்க?" என்று கேட்டார். முதல் மாதச் சம்பளத்தில் மகன் வேட்டி வாங்கிவந்து கொடுத்த பிறகும் அவர் சந்தேகம் தீரவில்லை.

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிக்குப் பின்பக்கம் அப்போது ஒரு சர்க்கார் கச்சேரி இருந்தது. எந்தக் கச்சேரி என்று சொல்லப்போவதில்லை. அங்கே குமாஸ்தாவாக இருந்தவர்களின் பேரன்கள் இன்றும் திடகாத்திரமாக நடமாடுகிறார்கள். அந்தக் குமாஸ்தாக்கள் சேர்ந்து சாயங்காலச் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். சங்கத்தின் நோக்கம் சீட்டாடுவதும் பக்கோடா தின்பதும். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்த நாகராசு, தின்ற பக்கோடா செரிக்க வேண்டுமானால் ஓடியாடத்தான் வேண்டும் என்று பேசிப் பேசியே சங்கத்துக்குள் நுழைந்தார். கச்சேரிக்குப் பின்னால் ஆவாரஞ் செடியும் ஓட்டாஞ்சல்லியுமாகக் கிடந்த சர்க்கார் புறம்போக்கை நாகராசு பெயரில் சங்கத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். 1936-ல் எட்டு மாதம் பாடுபட்டு அவர் அதைத் திடலாக்கினார்.

செம்புராங்கல் சரளையைக் கொட்டி, புற்றுமண்ணைக் குழைத்துப் பூசி, திமிசுக்கட்டையால் இடித்து, சாணிப்பால் தெளித்து, மறுபடியும் இடித்தார். வளையம் கடையில் கிடைக்காது. மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டையை வெட்டி, கொல்லர் வளைத்துக் கொடுத்தார். வலது பக்க வளையம் கொஞ்சம் கோணல். கலியாணமாகி வந்த முதல் வருஷத்தில் செங்கமலம்தான் குடம் குடமாகச் சாணிப்பால் சுமந்தாள். "எங்க வீட்டு வாசலைக்கூட நான் இப்படி மெழுகுனது கெடையாது" என்று ஆயுசு முழுக்கச் சொன்னாள். அந்தத் திடலில் ஒரு புல் முளைத்துவிட்டால் நாகராசுவுக்குச் சோறு இறங்காது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தத் திடலைத்தான் அவர் பிள்ளையாக வளர்த்தார்.

கம்ப முறைக்குக் கம்பமும் கிடைத்தான். சங்கத் தலைவர் ரெங்கசாமி, பென்ஷன் வாங்கிய பேஷ்கார். அவருடைய மருமகன் சிவசாமி அதே கச்சேரியில் குமாஸ்தா. ஆறடி ஒன்றரை அங்குலம். நிலைப்படிகளுக்குப் பயந்தே வளர்ந்தவன். அவனை வளையத்துக்குக் கீழே நிறுத்தியதும் நோட்டிலிருந்த வட்டங்களுக்கெல்லாம் உயிர் வந்துவிட்டது. எங்கே பந்து கிடைத்தாலும் சிவசாமிக்குப் போகும். அவன் திரும்புவான், போடுவான். 1938 முதல் 1941 வரை காரைக்குடிக்காரர்களையும் திருச்சிக்காரர்களையும் ஓட ஓட விரட்டினார்கள். ஊரே நாகராசுவின் முறையைப் புகழ்ந்தது. அவரும் சும்மா இருக்கவில்லை. "ஆள் யாரா இருந்தா என்ன சார், முறைதான் ஆடுது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சிவசாமியையே அந்த நோட்டில் ஏழாம் பக்கம் என்பதுபோலப் பேசினார்.

1942-ல் ஏழாம் பக்கம் பட்டாளத்தில் ஸ்டோர் குமாஸ்தாவாகச் சேர்ந்து பூனாவுக்குப் போய்விட்டது. போனவன் அணியில் நன்றாக ஆடிய இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது.

மிச்சம் இருந்தவர்களை வைத்தும் புதிதாகப் பிடித்தவர்களை வைத்தும் நாகராசு ஐந்து பேரைத் தேற்றினார். மூத்தவர் ஹெட்குமாஸ்தா ஆத்மநாதன். நாற்பத்தாறு வயசு, கண்ணாடியை நூல் போட்டுத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடுவார். அவருக்கு அடுத்தபடி குமாஸ்தா பழனிச்சாமி. அதற்கும் கீழே நகல் எழுதும் முத்துராமன். ரிக்கார்டு அறையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர், அவரை ஊரே ரிக்கார்டு என்றுதான் கூப்பிடும். கடைசியாக, தோளில் பட்டை மாட்டிய டவாலிச் சேவகன் பிச்சை. முப்பத்தைந்து வயசு, நாலு பிள்ளைக்குத் தகப்பன், ஐந்தடி இரண்டு அங்குலம். தபால் பையை வளையக் கம்பத்தில் மாட்டிவிட்டு ஆட வருவான். ஓட்டத்தில் மட்டும் அவனை மிஞ்ச ஆள் இல்லை. பதினைந்து வருஷமாக 'சேவகா!' என்ற குரலுக்கு ஓடிப் பழகிய கால் அது.

இருப்பவர்களில் உயரம் ரிக்கார்டுதான். நாகராசு அவரைக் கம்பமாக நிறுத்தினார். அது எப்பேர்ப்பட்ட பிசகு என்று முதல் ஆட்டத்திலேயே தெரிந்தது. இருபது வருஷமாக ரிக்கார்டிடம் போன எந்தக் காகிதமும் திரும்பி வந்ததில்லை. பந்தும் வரவில்லை. கைக்கு வந்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாராவது கேட்டு எழுதிக்கொடுத்தால் தருவேன் என்பதுபோல நின்றார். வளையம் ஒன்று தலைக்கு மேலே இருப்பதே அவர் நினைவில் இல்லை. நடுவர் விசிலடித்துப் பந்தைப் பிடுங்கவேண்டி வந்தது.

பந்து அவரிடம் போய்ச் சேர்ந்த விதமோ அதைவிட வேடிக்கை. பிச்சையிடம் பந்து வந்தால், ஆத்மநாதன் எதிரிலேயே ஆளில்லாமல் நின்றாலும் அவரிடம் போட மாட்டான். முத்துராமனைத் தேடுவான். முத்துராமன் பழனிச்சாமியைத் தேடுவான். பழனிச்சாமி, ஹெட்குமாஸ்தா தன்னைப் பார்க்கும்வரை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். ஆத்மநாதன் பந்தை வாங்கி, கண்ணாடிக்குக் கீழே பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு ரிக்கார்டுக்கு அனுப்புவார். இதற்குள் எதிரணியில் ஒருவன் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருப்பான். காரைக்குடிக்காரர்கள் 38, இவர்கள் 5. அந்த ஐந்தில் இரண்டு, காரைக்குடிக்காரன் ஒருவன் தவறித் தன் வளையத்திலேயே போட்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாகராசு கொல்லரைக் கூட்டிவந்து வலது வளையத்தை நிமிர்த்தினார். அடுத்த ஆட்டத்தில் 41-க்கு 4.

"ஏங்க, அந்த மொறை சிவசாமி தம்பிக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை. அதை இவுங்களுக்கு மாட்டிவிட்டுட்டு, ஒடம்பு சரியில்லைங்கிறீங்களே" என்றாள் செங்கமலம், சோற்றைப் போட்டுக்கொண்டே.

"முறையில தப்பு இல்ல. ஆளுங்க பழகணும்."

"ரெண்டு வருசமா பழகுறாங்க. எலையைப் பாத்துச் சாப்பிடுங்க. காக்காய்க்குப் போடுறீங்க."

இது இப்படியே நடந்திருக்கும். தோற்பது ஒரு பழக்கமாகிவிட்டால் அதிலும் ஒரு சுகம் உண்டு. ஆனால் யுத்தம் முற்றி, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, காலி நிலத்திலெல்லாம் பயிர் வைக்க வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் பேச்சாகிவிட்டது. தலைவர் ரெங்கசாமிக்குத் தேசத் தொண்டு கத்தரிக்காய் ரூபத்தில் பிடித்துக்கொண்டது. தம் வீட்டுக் கொல்லையில் அவர் வைத்த கத்தரி ஒன்றுகூடக் காய்க்கவில்லை என்பது வேறு விஷயம். 1943 கார்த்திகையில் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"மாஸ்டர், நீங்க எடம் வாங்கி ஏழு வருசமாச்சு. எம் மருமகன் இருந்தப்ப ஒரு பேரு இருந்துச்சு. இப்ப ஊருக்கு ஊர் போய் அவமானத்தை வாங்கிட்டு வாரீங்க. அந்த எடத்தைக் கொத்திக் கத்தரி போட்டா நாலு குடும்பம் குழம்பு வைக்கும்."

நாகராசுவும் எழுந்தார். "செம்புராங்கல் சரளைங்க அது. கத்தரி வராதுங்க."

"வருதா வரலையான்னு வச்சுப் பாத்துக்கலாம். ஒண்ணு செய்றேன். தை மாசம் திருச்சிக்காரங்க வாராங்கள்ல? அவுங்களை ஜெயிச்சுட்டீங்கன்னா, திடலை விட்டுரச் சொல்லி நானே சிபாரிசு எழுதுறேன். தோத்தா மம்பட்டிதான்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் நாகராசு திடலுக்குள் போய், குனிந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தார். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு கொஞ்சம் அழுதார்.

மறுநாள் அவரே ஒரு மனு எழுதினார். திடல் மண்ணில் பயிர் விளையாது என்று விவரமாக எழுதி, காலை பத்து மணிக்குக் கச்சேரியில் பிச்சையிடம் கொடுத்துவிட்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு அன்று பள்ளிக்கூட விடுமுறை. எதிரே கதவு திறந்துதான் இருந்தது.

பிச்சை மனுவை முத்துராமன் மேசையில் வைத்தான். முத்துராமன் பதினொன்றரைக்கு அதைத் தொட்டான், பன்னிரண்டுக்குப் பழனிச்சாமியின் மேசைக்கு நகர்த்தினான். பழனிச்சாமி ஹெட்குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தான். மூன்று மணிக்கு ஆத்மநாதன் மனுவைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். பிறகு ரிக்கார்டைக் கூப்பிட்டு, முந்தைய காகிதம் இருக்கிறதா பார்க்கச் சொன்னார். ரிக்கார்டு மனுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

நாகராசு பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஆட்டத்தை அவர் பார்த்திருக்கிறார். நாற்பத்தொன்றுக்கு நாலு என்று தோற்ற ஆட்டம் இதுதான்.

அந்த நேரத்தில் உள்ளறையில் மணி அடித்தது. மேலதிகாரி ஏதோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆத்மநாதன் உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தார். முத்துராமனையும் பார்க்கவில்லை, பழனிச்சாமியையும் பார்க்கவில்லை. "சேவகா!" என்று ஒரு குரல். வராந்தாக் கடைசியில் இருந்த பிச்சை பாய்ந்து வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு, நாகராசுவின் காலைத் தாண்டி வீதியில் இறங்கி ஓடினான். அவர் தலையைத் திருப்புவதற்குள் சந்தைப்பேட்டைப் பக்கம் மறைந்துவிட்டான்.

மேலே போகிற மனுவுக்கு மாசம் மூன்று, கீழே வருகிற உத்தரவுக்கு நிமிஷம் மூன்று. பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை பெஞ்சில் உட்கார்ந்ததில் நாகராசு கற்றுக்கொண்டது அதுதான். சென்னையில் ஒரு வருஷம் படித்தும் இது வரவில்லை.

கூடவே இன்னொன்றும் புரிந்து அவர் முகம் சுருங்கியது. சிவசாமிக்கு எல்லாரும் பந்தைக் கொடுத்தது நோட்டில் இருந்த அம்புக்குறிக்காக அல்ல. அவன் தலைவருடைய மருமகன். அவனிடம் கொடுப்பதென்றால் மேலிடத்துக்குக் கொடுப்பது. நாலு வருஷம் ஜெயித்ததும் முறை அல்ல, மாமனார்தான். இந்த நினைப்பு கசந்தது. ஆனாலும் விழுங்கினார்.

அன்றைக்கே ஐந்து பேரையும் திடலில் நிறுத்தி, எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். கம்பம் கிடையாது. ஆத்மநாதன் நம் வளையத்துக்குக் கீழே, கடைசியில் நிற்பார். ரிக்கார்டு அவருக்குப் பக்கத்தில். எதிரிகள் போடுகிற பந்து வளையத்தில் பட்டுத் திரும்பினால் ரிக்கார்டு பிடித்து அணைத்துக்கொள்ளலாம், அதுதான் அவருக்கு வரும். ஆத்மநாதன் அதை வாங்கி, இடையில் யாரையும் பார்க்காமல், நேராக எதிரி வளையத்துக்குக் கீழே நிற்கும் பிச்சைக்கு எறிய வேண்டும்.

ஆத்மநாதனுக்கு முகம் கடுத்தது. "நான் பின்னாடி நிக்கிறதா? ஒரு டவாலி முன்னாடி நிக்கிறதா?"

"நீங்க நிக்கிற எடம்தாங்க உத்தரவு போடுற எடம். அவன் நிக்கிறது நெறவேத்துற எடம். கச்சேரியில இப்பிடித்தானே நடக்குது?"

ஆத்மநாதன் கொஞ்சம் யோசித்தார். அப்படிச் சொன்னால் சரிதான் என்று நூலை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

மீதி இருந்தது பிச்சை. பந்து கைக்கு வந்ததும் வளையம் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் எறிந்துவிடுவான். சுட்ட கிழங்கைப் பிடித்தவன்போலக் கையை உதறுவான்.

"டேய், கைக்கு வந்த ஒடனே தூக்கி எறியாதடா. வச்சிரு. பத்து எண்ணு. வளையத்தைப் பாரு. அப்பறம் போடு."

"முடியலைங்க மாஸ்டர். கைக்கு வந்ததைக் கையில வச்சிருந்தா வேலை போயிரும்னு பதினஞ்சு வருசமா பயந்து கெடக்கேன். கை கேக்க மாட்டேங்குது."

"இங்கிட்டு யாருடா ஒன் வேலையப் பறிக்கப் போறா? வச்சிருக்கக் கத்துக்க. வச்சிருக்கவன்தான் ஜெயிப்பான்."

இரண்டு மாதம் இதே பாட்டு. பிச்சை பந்தை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து எண்ணினான். முதலில் மூன்றுக்கு மேல் போகவில்லை. மார்கழிக் கடைசியில் ஏழுக்கு வந்தான்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தாக்கள். ஒரே நிறத்தில் பனியன். ரெங்கசாமி கோட்டும் தலைப்பாகையுமாக முன்வரிசையில் உட்கார்ந்தார். திடல் ஓரத்தில் அவருடைய தோட்டக்காரன் மம்பட்டியோடு நின்றான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று செங்கமலம் முணுமுணுத்தாள். அவளும் வந்திருந்தாள், பெண்கள் யாரும் வராத இடத்துக்கு. தான் மெழுகிய தரைக்கு என்ன ஆகிறது என்று பார்க்கத் தனக்கு உரிமை உண்டு என்றாள்.

பாதி ஆட்டத்தில் 15-க்கு 8 என்று பின்தங்கியிருந்தார்கள். ஆத்மநாதன் பழைய பழக்கத்தில் பழனிச்சாமியைத் தேடிக்கொண்டிருந்தார். இடைவேளையில் நாகராசு அவர் காதில் ஒரே ஒரு சொல் சொன்னார்: "கூப்பிடுங்க."

அடுத்த முறை பந்து கைக்கு வந்ததும் ஆத்மநாதன் கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரிக் கூரை அதிருகிற குரலில் "சேவகா!" என்றார். பிச்சையின் கால் தானாக ஓடியது. பந்தும் அவனும் ஒரே நேரத்தில் வளையத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்தார்கள். அவனைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. திருச்சிக்காரர்கள் அவனை யாரென்று விசாரித்து வைத்திருந்தார்கள். ஒரு டவாலிச் சேவகன் எதிரில் கையை விரித்துக்கொண்டு நிற்க எந்தக் குமாஸ்தாவுக்கு மனம் வரும்? ஒருவனைப் பார்த்து ஒருவன் "நீ போ" என்றார்கள். யாரும் போகவில்லை.

10, 12, 14. பிச்சை நாலுக்கு இரண்டைத் தவறவிட்டான், ஆனாலும் போட்டான். திருச்சித் தலைவனுக்கு மானத்தைவிட ஆட்டம் பெரிது என்று புத்தி வந்தபோது 21-க்கு 20. இவர்கள் ஒரு புள்ளி பின்னால். அரை நிமிஷம் மிச்சம்.

கடைசிப் பந்தை ரிக்கார்டு பிடித்து அணைத்துக்கொண்டார். ஆத்மநாதன் அதை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. "சேவகா!" பந்து போனது. பிச்சை பிடித்தான். பிடித்தவன் நின்றுவிட்டான்.

"போடுடா!" என்று கூட்டம் கத்தியது. ரெங்கசாமியே எழுந்து "எறிடா மடையா" என்று கத்தினார். பிச்சை உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். திருச்சித் தலைவன் அவனை நோக்கி ஓடிவந்தான். நாகராசு மட்டும் கத்தவில்லை. அவரும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தார். ஆறில் பிச்சை தலையைத் தூக்கினான், ஏழில் போட்டான். பந்து வண்டிப் பட்டை வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. விசில் ஒலித்தது.

நாகராசு ஓடிப்போய்ப் பிச்சையைத் தூக்கினார். செங்கமலம் தோட்டக்காரன் கையிலிருந்த மம்பட்டியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். ரெங்கசாமி வாக்குத் தவறாத மனிதர். அங்கேயே உட்கார்ந்து, திடலை விட்டுவிடும்படி மேலிடத்துக்குச் சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் கலைந்ததும் ஆத்மநாதன் நாகராசுவை ஓரமாகக் கூட்டிப்போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாஸ்டர், எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. தலைவரு ரெண்டு மாசத்துக்கு முந்தியே மேலே ஒரு வார்த்தை போட்டு வச்சுட்டாரு. திடலைக் கொத்தச் சொல்லி உத்தரவு வெள்ளிக்கிழமையே கையெழுத்தாயிருச்சு. இந்தச் சிபாரிசு இனிமேத்தான் மேலே போகணும்."

நாகராசுவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எது மூன்று மாசம், எது மூன்று நிமிஷம் என்று அவருக்குத்தான் தெரியுமே. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டார், சாமியிடம் போய்ச் சேர்வதுதான் பாடு.

உத்தரவு நாகராசு கையில் வந்து சேர்ந்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் கொத்த ஆள் வருவார்கள். அதுதான் சட்டம். திங்கட்கிழமை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. செவ்வாய் வரும் என்றார் செங்கமலத்திடம். வரவில்லை. மாசி போனது, பங்குனி போனது. சிபாரிசு நம் ஆட்களின் நாலு மேசையையும் ஒரே நாளில் தாண்டியது, கச்சேரிச் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை. அதற்கு மேலே இருந்த மேசைகளில் அது வழக்கம்போலத் தூங்கியது.

தினமும் சாயங்காலம் பிச்சை வந்து தபால் பையைக் கம்பத்தில் மாட்டிவிட்டு ஆடுவான். தினமும் நாகராசு கேட்பார்.

"பிச்சை, எனக்கு எதும் தபால் உண்டா?"

"இல்லீங்க மாஸ்டர்."

அந்த ஒரு பதிலுக்காக அவர் பகல் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்தார். ஆடியில் காற்று அள்ளிக்கொண்டு போன மண்ணுக்குப் பதிலாகப் புதுப் புற்றுமண் கொண்டுவந்து பூசினார். நாளைக்குக் கொத்தப்போகிற தரைக்கு எதற்கு இந்தப் பாடு என்று சிலர் கேட்டார்கள். செங்கமலம் சாணிப்பால் சுமந்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள், சரசுவதி பூசைக்கு நாலு நாள் இருக்கும்போது, பிச்சை பட்டப்பகலில் பள்ளிக்கூடத்துக்கே ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. கையில் ஒரு புதுக் காகிதம். திடல் விளையாட்டுக்கே இருக்கட்டும், முந்தைய உத்தரவு ரத்து என்று அதில் இருந்தது. மை காய்ந்தும் காயாமலும் இருந்தது.

நாகராசு அதை மூன்று தடவை படித்தார். பிறகு, "முந்தைய உத்தரவா? அதுதான் எனக்கு வரவே இல்லையே" என்றார்.

பிச்சை பைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தான். மடிப்பெல்லாம் நைந்து, வியர்வையும் செம்மண்ணும் ஏறியிருந்தது. தை மாதத் தேதி. எட்டு மாதம் அந்த உத்தரவு, கொத்தச் சொன்ன திடலிலேயே, வளையக் கம்பத்தில் தொங்கியிருக்கிறது.

"அடப்பாவி! தெரிஞ்சிருந்தா ஒன் வேலை போயிருக்குமேடா. நாலு பிள்ளையை வச்சிக்கிட்டு..."

"நீங்கதானே சொன்னீங்க மாஸ்டர், கைக்கு வந்த ஒடனே தூக்கி எறியாத, வச்சிருன்னு. வச்சிருந்தேன்."

"தபால் புத்தகத்துல என் கையெழுத்து இல்லாதது எவனுக்கும் தெரியலையா?"

"சனிக்கெழமை சனிக்கெழமை ஹெட்குமாஸ்தாதான் பாப்பாரு. அந்தப் பக்கம் வந்தா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே திருப்பிருவாரு. ரிக்கார்டு அய்யாகிட்ட ஆபீஸ் நகல் இருந்துச்சு. மேலேருந்து ரெண்டு தடவை கேட்டாங்க. தேடிக்கிட்டு இருக்கேன்னாரு."

டவுசர் போட்ட டிரில் மாஸ்டர், வகுப்புப் பிள்ளைகள் பார்க்க, கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஆடுகிற அணியைச் சிவசாமி இருந்த காலத்தில்கூட அவர் பார்த்ததில்லை.

பிச்சை தபால் புத்தகத்தை நீட்டி இரண்டு இடத்தில் விரலை வைத்தான். நாகராசு இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். தையில் வந்ததற்கு என்ன தேதி போடுவது என்று கேட்டார்.

"எதாச்சும் போடுங்க மாஸ்டர்" என்று பிச்சை புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஓடினான். அன்றைக்குப் பையில் இன்னும் ஆறு தபால் இருந்தது.

அந்த வருஷம் சரசுவதி பூசையில் நீல நோட்டுக்குச் சந்தனம் வைக்கக் கையை நீட்டிய செங்கமலம், அதன் மேலே அந்த நைந்த காகிதம் மடித்து வைத்திருந்ததைப் பார்த்தாள். பிரித்துப் படித்தாள். புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டு, சந்தனத்தை அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தாள்.